ஆரி ரகம் ஸ்டாக் இல்லை

மாமாவுக்கு மதுரை கீழமாசி வீதியில் அரிசிக் கடை. அக்கா வீட்டு மாடியில் பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறாள். நண்பன் ஒருவன் மூன்று டெம்போ டிராவலர் வைத்து டிராவல்ஸ் நடத்துகிறான். மூவருக்கும் இணையத்தில் சொந்தப் பெயராக டொமைன் வாங்கிக் கொடுத்தது நான். மெயிலுக்குத் தனியாக ஆளுக்கு இவ்வளவு என்று மாதாமாதம் கட்ட வேண்டும் என்றதும், மூன்று பேரும் பேசிவைத்தது போல ஒரே பதில்: "நீதான் கம்ப்யூட்டர் ஆளாச்சே!"

கம்ப்யூட்டர் ஆளுக்கு ரோஷம் வந்துவிட்டது. வாடகைக்கு ஒரு சின்ன லினக்ஸ் சர்வர் எடுத்தேன். மெயிலை வாங்கி அனுப்பும் போஸ்ட்ஃபிக்ஸ், பெட்டியில் விழுந்ததைப் படிக்கக் கொடுக்கும் டவ்காட் இரண்டையும் ஏற்றினேன். மெயில் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்வது எம்எக்ஸ் ரெக்கார்டு; மூன்று டொமைன்களுக்கும் அது அந்த ஒரே சர்வரைக் காட்டியது. போஸ்ட்ஃபிக்ஸில் மைடெஸ்டினேஷன் என்று ஒரு வரி உண்டு. இந்த டொமைன்களுக்கு வரும் மெயில் எல்லாம் நம் வீட்டு மெயில் என்று அர்த்தம். மூன்று பெயரையும் கமா போட்டு அதில் எழுதினேன்.

அடுத்தது ஏலியாஸ் கோப்பு, எந்தப் பெயருக்கு வரும் மெயில் யாருக்குப் போக வேண்டும் என்று எழுதும் பட்டியல். மூன்று பேருக்குமே 'இன்ஃபோ' என்ற முகவரிதான் வேண்டுமாம். இன்ஃபோ என்றால் மாமா என்று ஒரு வரி, இன்ஃபோ என்றால் அக்கா என்று அடுத்த வரி, மூன்றாவதாக நண்பன். கமாண்டைத் தட்டியபோது 'டூப்ளிகேட் என்ட்ரி' என்று ஏதோ முனகியது. எரர் இல்லை, வார்னிங்தானே! மாமாவின் முகவரிக்கு ஒரு டெஸ்ட் மெயில் அனுப்பினேன், அழகாகப் போய்ச் சேர்ந்தது. லேப்டாப்பை மூடிவிட்டு பரோட்டா சாப்பிடக் கிளம்பிவிட்டேன்.

நாலாம் நாள் அக்கா போனில் பிடித்துக்கொண்டாள்.

"ஏன்டா, என் கஸ்டமர்கிட்ட அரிசி விக்கிறது யாரு?"

நடந்தது இதுதான். ஒரு கல்யாணப் பெண் அக்காவின் முகவரிக்கு மெயில் போட்டிருக்கிறாள். 'மேடம், ஆரி என்ன ரேட்? எனக்கும் தங்கைக்கும் இரண்டு வேண்டும், முகூர்த்தத்துக்குள் கிடைக்குமா?' அது நேராக மாமாவின் போனில் வந்து விழுந்திருக்கிறது. கடைக்கு மெயிலில் வந்த முதல் ஆர்டர். மாமா விடுவாரா? பதில் பறந்திருக்கிறது: 'வணக்கம். ஆரி ரகம் தற்போது ஸ்டாக் இல்லை. பொன்னி, ஐஆர் 20 உள்ளது. முகூர்த்தம் என்றால் இரண்டு மூட்டை போதாது. பந்திக்கு எத்தனை பேர் எனத் தெரிவிக்கவும்.'

மேடம் என்று கூப்பிட்டதுகூட அவருக்கு உறைக்கவில்லை.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ஏலியாஸ் கோப்பு டொமைனைப் பார்க்கவே பார்க்காது. அட் குறிக்கு முன்னால் இருக்கும் பெயர் மட்டும்தான் அதற்குக் கண்ணில் படும். தெருவைப் பார்க்காமல் கதவு எண்ணை மட்டும் பார்த்துக் கடிதம் போடும் தபால்காரர் மாதிரி. அதிலும் ஒரே பெயர் மூன்று முறை இருந்தால் முதல் வரியை வைத்துக்கொண்டு மற்றதைத் தூக்கி எறிந்துவிடும். அந்த முனகல் இதைத்தான் சொல்லியிருக்கிறது. முதல் வரியில் மாமா. 17 சீட்டர் வண்டி கேட்டு நண்பனுக்கு வந்த மெயிலும் அவரிடம்தான் இருந்தது. அதற்குப் பதில் போடவில்லை, "யாரோ தப்பா அனுப்பிட்டான் மாப்ளே" என்றார்.

அன்று ராத்திரியே உட்கார்ந்தேன். இப்படிப் பல டொமைன் வைப்பவர்களுக்கென்றே போஸ்ட்ஃபிக்ஸில் வர்ச்சுவல் மெயில்பாக்ஸ் டொமைன்ஸ் என்று தனி ஏற்பாடு இருக்கிறது. அதில் முழு முகவரியையும் எழுத வேண்டும், ஒவ்வொன்றுக்கும் தனிப் பெட்டி. எழுதினேன், அந்தப் பட்டியலை போஸ்ட்ஃபிக்ஸ் படிக்கும்படி மாற்றும் போஸ்ட்மேப் கமாண்டைப் போட்டேன், ரீலோட் செய்தேன். அக்காவுக்கு டெஸ்ட் மெயில் அனுப்பினேன்.

இரவு பதினொன்றரைக்கு மாமா போன். "மாப்ளே, 'டெஸ்ட்'னு ஒரு மெயில் வந்திருக்கு. என்ன ரகம் அது?"

நடப்பதை எல்லாம் சர்வர் குறித்து வைக்கும் லாகைத் திறந்தால் வரிக்கு வரி திட்டு. ஒரே டொமைனை மைடெஸ்டினேஷன், வர்ச்சுவல் 'இரண்டிலும்' போடாதே என்கிறது. இரண்டிலும் என்பதற்கான அந்த 'போத்' மட்டும் பெரிய எழுத்தில். எழுதி வைத்தவருக்கு என்னைப் போல எத்தனை பேரைத் தெரிந்திருக்க வேண்டும்! இரண்டிலும் இருந்தால் மைடெஸ்டினேஷன்தான் ஜெயிக்கும். பழைய வரியிலிருந்து மூன்று பெயரையும் அழித்தேன். அப்புறம்தான் அவரவர் மெயில் அவரவருக்குப் போனது.

அக்கா அனுப்பும் மெயில் மட்டும் ஸ்பாமில் விழுந்துகொண்டிருந்தது. மெயில் நிஜமாகவே அந்த டொமைனிலிருந்துதான் வருகிறது என்று காட்டும் டிகிம் சாவியை டொமைன் டொமைனாகப் போட வேண்டும், போட்டிருந்தேன். ஆனால் அவளுடைய டொமைனின் ரெக்கார்டுகளை எழுதும் டிஎன்எஸ் பக்கத்தில் ரெக்கார்டின் பெயரை டொமைனோடு சேர்த்து ஒட்டிவிட்டேன். அந்தப் பக்கம் தானாகவும் ஒரு தடவை சேர்த்துக்கொள்ளும் ரகம். 'மதுரை, மதுரை' என்று விலாசம் எழுதியது போல ஆகிவிட்டது. ஒரு மதுரையை அழித்ததும் சரியானது.

அந்தக் கல்யாணப் பெண் அக்காவிடம் ஆரி எம்ப்ராய்டரி வேலை வைத்து இரண்டு பிளவுஸ் தைத்துக்கொண்டாள். பந்திக்கு அரிசியும் மாமா கடையில்தான்.

போன வாரம் கடைப் பக்கம் போனேன். மாமா கல்லாவில் உட்கார்ந்து போனைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"மாப்ளே, நீ ரிப்பேர் பார்த்ததிலருந்து மெயிலே வர்றதில்ல. பழைய மாதிரியே வச்சுடேன்?"