பிரம்மபுரியில் மூன்றாவது தடவை

கயாக் என்கிற ஒடுக்கமான துடுப்புப் படகை ஓட்டக் கற்றுக்கொள்கிறேன் என்று கங்கைக்குப் போய், முன்பு இரண்டு தடவையும் கரையை விட்டுப் பத்தடி தாண்டுவதற்குள் கவிழ்ந்தேன். பெரிய அலையில் கவிழ்ந்தாலாவது வெளியில் சொல்லிக்கொள்ளலாம். நான் கிளம்பும்போதே கவிழ்ந்தவன்.

வெள்ளி ராத்திரி டெல்லி காஷ்மீரி கேட்டில் பஸ் ஏறினால் விடிகாலை ரிஷிகேஷ். துணைக்கு மைத்துனன். நாங்கள் படகு இறக்குவது பிரம்மபுரியில். அங்கிருந்து ரிஷிகேஷுக்கு ஆற்றுவழியாக 9 கிலோமீட்டர் போல. ரோலர் கோஸ்டர், கோல்ஃப் கோர்ஸ் என்று பெயர் வாங்கிய அலைகளெல்லாம் அதற்கு மேலே சிவபுரிப் பக்கமே முடிந்துவிடும். ஆறு அகலம், தண்ணீர் நிறைய. கற்றுக்குட்டிக்குத் தோதான இடம்தான்.

சிக்கல் கரையோரத்தில். பாறைக்குக் கீழ்ப்பக்கம் தண்ணீர் வட்டமடித்து மேல்நோக்கித் திரும்பி வரும். எடி என்பார்கள். படகைப் போடுவது அதில்தான். நாலைந்து முழம் தள்ளி ஆறு எதிர்த்திசையில் ஓடுகிறது. இரண்டுக்கும் நடுவே நுரை மிதக்கும் ஒரு கோடு. படகின் மூக்கு அதைத் தாண்டியதும் ஓட்டம் மூக்கைப் பிடித்துக் கீழ்நோக்கித் திருப்பும். திரும்புகிற வேகத்தில் நம் உடம்பு மேல்நீர்ப் பக்கம், அதாவது ஆறு வரும் பக்கம், சாயும். அந்தப் பக்க விளிம்பு தாழ்ந்தால் தண்ணீர் அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். அவ்வளவுதான், குளியல்.

சைக்கிளை வேகமாக வளைக்கும்போது உள்பக்கம் சாய்கிறோமே, அதே மாதிரி கீழ்நீர்ப் பக்கம் சாய வேண்டும். கேட்டால் புரிகிறது, இடுப்புக்குப் புரியவில்லை. அதனால் மயூர் விஹார் வீட்டில் ஒரு மாதம் சோபா மெத்தையைத் தரையில் போட்டு உட்கார்ந்து, ஒட்டடைக் கம்பைத் துடுப்பாக வைத்துச் சாய்ந்து பழகினேன். “மாமா, அக்கா வீடியோ எடுத்து வெச்சிருக்கா” என்றான் மைத்துனன். எடுக்கட்டும்.

இன்னொன்றும் இந்தத் தடவைதான் பிடிபட்டது. எங்களுடையது காற்றடிக்கும் கயாக். வெயிலில் கல் மாதிரி இருந்தது, தண்ணீரில் போட்டு ஐந்து நிமிஷத்தில் தொளதொளவென்று ஆகிவிட்டது. ஓட்டை இல்லை, பனி உருகி வரும் தண்ணீரின் குளிரில் உள்ளே காற்று சுருங்குகிறது. முன்பெல்லாம் அப்படியே கிளம்பி நடுவில் மடங்கிய படகோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். இப்போது நனையவிட்டு, மறுபடி பம்ப் அடித்துவிட்டு ஏறினேன்.

மூக்கை மேல்நோக்கிச் சாய்வாக வைத்து நாலு வலி வலித்தேன். வேகம் இல்லாமல் கோட்டில் தயங்கினால் தொலைந்தோம். வழிகாட்டி கரையிலிருந்து “ஜுக்கோ! ஜுக்கோ!” (சாய்! சாய்!) என்று கத்த, கீழ்நீர்ப் பக்கம் சாய்ந்து துடுப்பை ஊன்றினேன். படகு தட்டாமாலை சுற்றுவதுபோல ஒரு சுற்று, நேரானது. தலை நனையவில்லை.

பின்னால் வந்த மைத்துனன் கவிழ்ந்தான். கால்களை முன்னால் நீட்டி மல்லாந்து மிதந்து வந்தவனை இழுத்துப் போட்டோம்.

கரை சேரும் இடத்தில் எடிக்குள் நுழைவதும் இதே வித்தைதான், தலைகீழாக. அது வரவில்லை. இருநூறு மீட்டர் கீழே போய் ஒதுங்கி, படகைத் தலையில் சுமந்துகொண்டு மணலில் நடந்து வந்தோம்.