குணசீலத்தில் ஒரு உச்சிகாலம்

அம்மாச்சி போய் ஒரு வருஷம் ஆகும்வரை எங்கள் வீட்டில் யாரும் கோயில் பக்கம் போகவில்லை. தலைத்திவசம் முடிந்த மறுநாள் காலையில் காபி ஆற்றிக்கொண்டே அம்மா, "குணசீலம் போயிட்டு வந்துடலாம்" என்றாள். உறையூரிலிருந்து ஸ்ரீரங்கம் கூப்பிடு தூரம், சமயபுரமும் பக்கம்தான், ஆனாலும் முதலில் குணசீலம் என்பதில் யாருக்கும் சந்தேகமே வரவில்லை.

நான், அம்மா, பெரிய மாமா மூன்று பேரும் கிளம்பினோம். சனிக்கிழமை என்றால் கூட்டம் தாங்காது என்று புதன்கிழமையாகப் பார்த்து, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் முசிறி பஸ் ஏறினோம். காவிரிப் பாலம், கொள்ளிடப் பாலம், நம்பர் ஒன் டோல்கேட், அதைத் தாண்டி இரண்டு பக்கமும் வாழைத் தோட்டம். மாமா மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், சாமி விஷயத்தில் பெரிய பிடிப்பு கிடையாது, வழியெல்லாம் டிரான்ஸ்பார்மர்களைத்தான் பார்த்துக்கொண்டு வந்தார். ஆனால் எங்கள் மூவரில் குணசீலத்துக்கு முதலில் போனவர் அவர்தான். 1961-ல், கைக்குழந்தையாக.

அந்தக் கதையை அம்மாச்சி யாரிடமும் மறைத்ததில்லை. மாமா பிறந்த பத்தாம் நாளோ பன்னிரண்டாம் நாளோ அவளுக்குத் தூக்கம் சுத்தமாகப் போய்விட்டது. குழந்தையை யாரோ மாற்றி வைத்துவிட்டார்கள் என்று ராத்திரியெல்லாம் வாசலில் உட்கார்ந்திருப்பாளாம். பேய் பிடித்துவிட்டது, பிறந்த வீட்டுக்கே அனுப்பிவிடு என்று தெருவே சொன்னபோது அவளுடைய மாமியார், பேரனை இடுப்பிலும் மருமகளைக் கையிலும் பிடித்துக்கொண்டு, மனம் கலங்கியவர்களைக் கூட்டிவருகிற கோயில் என்று குணசீலத்துக்கு வந்து ஒரு மண்டலம் தங்கினார். நாற்பத்தெட்டு நாளும் மருமகளுக்குத் தலை பின்னி விட்டவர் அவர்தான். அப்புறம் தாத்தா வேலூருக்குக் கூட்டிப்போனார். அங்கே பாகாயத்தில் 1957-லேயே தொடங்கியிருந்த மனநல மையத்தில் நோயாளியோடு வீட்டாரும் கூடவே தங்க வேண்டும், அதனால் மாமியார் அங்கேயும் போய் உட்கார்ந்துவிட்டார். கோயில் கேட்டதா, மருந்து கேட்டதா என்று நாங்கள் அம்மாச்சியைப் பலமுறை கேட்டிருக்கிறோம். "எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியல. ரெண்டுல எதையும் விடுறதுக்குத் தைரியமும் வரல" என்பாள்.

நாற்பது வயதுக்கு மேல், மூன்று பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போகும்போது, தபால் வழியில் மனோதத்துவம் படித்தாள். அதற்குமேல் பயிற்சியும் எடுத்துக்கொண்டு, எண்பத்து நாலு வயதுவரை ஆட்களைப் பார்த்தாள். தெருவில் அவளுக்குப் பெயர் 'பேச்சு டாக்டரம்மா'. நான் டாக்டர் இல்லை, மாத்திரை எழுதுவது என் வேலை இல்லை என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோய் விட்டுவிட்டாள்.

வீட்டுப் பின்பக்கத் தாழ்வாரம்தான் அவளுடைய அறை. இரண்டு பிரம்பு நாற்காலி, எதிரெதிராக இல்லாமல் பக்கத்தில் பக்கத்தில், இரண்டும் கொய்யா மரத்தைப் பார்த்தபடி. அழும்போது ஒரு மனுஷர் முகத்துக்கு நேரே இன்னொரு முகம் இருக்கக்கூடாது என்பது அவள் கணக்கு. யார் வந்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்குறே?" வந்தவர்களைப் பற்றிக் கோடுபோட்ட நோட்டில் பென்சிலால் குறித்து வைப்பாள், தை பிறப்பதற்கு முன் போகியன்று அந்த வருஷத்து நோட்டுகளைக் பிரித்துக்கூடப் பார்க்காமல் நெருப்பில் போட்டுவிடுவாள். சின்ன வயதில் எங்களுக்கு அது பெரிய வேடிக்கை. பழைய பாய் எரியும், துடைப்பம் எரியும், கூடவே யார் யாருடைய துக்கமோ எரியும். அவள் இறந்தபோது முன்பின் பார்த்திராத எத்தனையோ பேர் மாலையோடு வந்தார்கள். நீங்க யாரு, எங்கேயிருந்து வர்றீங்க என்று கேட்டால், "தெரிஞ்சவங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்கள்.

கோயிலுக்கு வருகிறேன். காவிரியின் வடகரையில், ஆற்றுக்காற்று வந்து அடிக்கிற இடம். குணசீலர் என்ற முனிவர் தவமிருந்து பெருமாளை இங்கேயே இருக்கவைத்தார் என்பது தலபுராணம். மூலவர் பிரசன்ன வேங்கடாசலபதி, திருப்பதிக்குப் போக முடியாதவர்கள் வேண்டுதலை இங்கே செலுத்துவார்கள். தாயாருக்குத் தனிச் சன்னதி கிடையாது, மார்பிலேயே இருக்கிறாள். பெருமாள் கையில் செங்கோல். அதைக் கொண்டுதான் மனத்தைப் பிடித்த தீமைகளை விரட்டுகிறார் என்பார்கள். "செங்கோல் அடிக்கிறதுக்கு இல்லடி, நான் இருக்கேன்னு காட்டுறதுக்கு" என்பது அம்மாச்சியின் வியாக்கியானம். பட்டர்கள் ஒப்புக்கொள்வார்களா என்று தெரியாது.

அவளுக்கு இந்தக் கோயில்மேல் இருந்தது கண்மூடிய பக்தி இல்லை. கோயிலுக்கு வந்தாச்சே என்று மாத்திரையை நிறுத்துகிறவர்களிடம் அவள் போட்ட சண்டையை நானே பிரகாரத்தில் நின்று பார்த்திருக்கிறேன். 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகம் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டி வைத்திருந்த 28 பேர் செத்துப்போனார்கள். அன்றைக்கு அம்மாச்சி அடுப்பே பற்றவைக்கவில்லை. சங்கிலியால் கட்டவே கூடாது என்று 2017-ல் சட்டம் வந்தபோது அந்தப் பக்கத்தைச் செய்தித்தாளிலிருந்து வெட்டி பஞ்சாங்கத்துக்குள் வைத்தாள். அதே பஞ்சாங்கத்துக்குள் இன்னொரு ஜெராக்சும் இருந்தது. தமிழ்நாட்டில் ஒரு முத்துசுவாமி கோயிலில் தங்கியிருந்த 31 பேரை ஆராய்ந்து, மருந்தில்லாமலே அறிகுறிகள் ஏறத்தாழ 20 சதவீதம் குறைந்ததாக 2002-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த கட்டுரை அது. ஓரத்தில் பென்சிலால், "இருபதுக்குப் பெருமாள். மீதி எண்பதுக்கு ஆள் வேணும்" என்று எழுதியிருந்தாள்.

இப்போது கோயிலை ஒட்டியே உரிமம் பெற்ற மனநல மறுவாழ்வு மையம் இருக்கிறது, மருத்துவர் வந்து பார்க்கிறார். அதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ஏதோ தன் சொந்த வீட்டுக்கு மாடி கட்டின மாதிரி பெருமைப்படுவாள்.

உச்சிகால பூஜைக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்தோம். இங்கே தினமும் உச்சிகாலத்திலும் அர்த்தசாமத்திலும், மனம் கலங்கியவர்களின் முகத்தில் தீர்த்தம் தெளிப்பார்கள். தெளிப்பது என்பது வாய்வார்த்தைக்குத்தான். பட்டர் கையில் அள்ளி, சளீரென்று முகத்தில் அடிக்கிறார். அன்றைக்குப் பதினைந்து பேர் இருக்கலாம். ஒரு அம்மாள் தனக்குத்தானே கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். பதினேழு பதினெட்டு வயசில் ஒரு பையன், சட்டைப் பித்தானை மாற்றிப் போட்டிருந்தான், தண்ணீர் விழுந்ததும் கண்ணைத் திறந்து, யார் அடித்தது என்பதுபோல் சுற்றிப் பார்த்தான். புருவத்தில் ஒரு துளசி இலை ஒட்டிக்கொண்டிருந்தது. அவன் அப்பா அதை எடுக்கப் போய், கை நடுங்கி, எடுக்காமலே விட்டுவிட்டார். எங்கள் மேலும் நாலு சொட்டு விழுந்தது. அம்மா துடைத்துக்கொள்ளவில்லை.

தரிசனம் முடிந்து பிரகாரத்தில் உட்கார்ந்திருந்தபோது அந்த அப்பா பக்கத்தில் வந்து, இங்கே எல்லாரும் எல்லாரையும் கேட்கிற கேள்வியைக் கேட்டார். "நீங்க யாருக்காக வந்திருக்கீங்க?"

"எங்க அம்மாச்சிக்கு" என்றேன்.

"குணமாயிடுச்சா?"

எனக்குத் தொண்டையை அடைத்தது. தூணோரம் சாய்ந்து மொபைலைப் பார்த்துக்கொண்டிருந்த மாமாதான் பதில் சொன்னார். "ஆயிடுச்சுங்க. நான் கைக்குழந்தையா இருக்கும்போதே."

அவர் மாமாவின் நரைத்த தலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் புரியவில்லை. பிறகு தயங்கித் தயங்கி, பையனுக்குப் போன மாசத்திலிருந்து மாத்திரையை நிறுத்திவிட்டதாகவும் இனி எல்லாம் பெருமாள்தான் என்றும் சொன்னார். அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள், ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் மாமா மொபைலைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு எழுந்துவந்து, அவருக்கு எதிரே இருந்த இடத்தை விட்டுவிட்டு, பக்கத்தில், அவர் பார்த்துக்கொண்டிருந்த அதே கொடிமரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தார்.

"தம்பி ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்குறான்?" என்றார்.

நாங்கள் பிடிக்க நினைத்திருந்த பஸ் போயே போய்விட்டது. அதற்கடுத்ததும் போய்விட்டது.