அம்மாவின் பழைய சீட்டில் இருந்த ஒரு சொல்

கண்புரை அறுவைக்கு அம்மாவின் பெயரைப் பதியச் சென்ற அன்று, பழைய சீட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டு வந்த செவிலியர் ஒரு தாளில் நின்றுவிட்டார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் வேறொரு மருத்துவமனையில் கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டு அது. அதன் அடியில் சிவப்பு மையில் ‘லோக்கல் அனஸ்தீசியா அலர்ஜி’ என்று எழுதி, கீழே இரண்டு கோடும் போட்டிருந்தார்கள். புரை முற்றியிருப்பதால் கண்ணைச் சுற்றி மரத்துப்போகும் ஊசி போட்டுத்தான் எடுக்க வேண்டும், இப்படி ஒரு சீட்டு இருக்கும்போது துணிந்து போட முடியாது, மதுரையில் காட்டி, ஒவ்வாமை உண்டா இல்லையா என்று எழுதி வாங்கி வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அவர்கள்மேல் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அந்த ஒரு சொல் சரிதானா என்று தெரிந்துகொள்ள எங்களுக்கு ஏழு வாரம் ஆயிற்று.

அம்மா பாம்பனில் பாசி எடுப்பவர். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டி, ரப்பர் செருப்புடன் தீவுப் பக்கம் முங்கி மரிக்கொழுந்துப் பாசி பறித்தே எங்களைப் படிக்க வைத்தார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அப்படி ஒரு நாள் காலை எட்டு மணி அளவில் இடுப்பளவுத் தண்ணீரில் கால் ஊன்றியபோது, மணலுக்குள் கிடந்த திருக்கை வாலை வீசியதில், செருப்புக்கு மேலே கணுக்கால் ஓரம் முள் ஏறி ஒடிந்துவிட்டது. கரைக்குக் கொண்டுவந்து பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் காலை வைத்திருந்ததில் கடுப்பு ஓரளவு தணிந்தது. உள்ளே தங்கிய துண்டை எடுப்பதற்காகப் பதினொரு மணிக்கு மருத்துவமனையில் புண்ணைச் சுற்றி ஊசி போட்டார்கள். இன்னும் வலிக்கிறது என்று அம்மா சொன்னதால் சற்று நேரம் கழித்து மறுபடியும் போட்டார்கள். நான் தலைமாட்டில் நின்றிருந்தேன்.

பத்து நிமிடம் போயிருக்கும். “நாக்குல இரும்பு ருசியா இருக்கு புள்ள” என்றார். அடுத்து, “உதடு தடிச்சுப் போச்சு” என்றார். ஆழத்தில் முங்கும்போது இரைவதுபோல் காது இரைகிறது என்றார். அதற்குப் பின் சொன்னவை எனக்குப் புரியவில்லை, நாக்குக் குழறியது. கன்னமும் விரல்களும் துடித்தன, உடனே வலிப்பு வந்தது. ஆக்சிஜன் வைத்து, நரம்பில் மருந்து ஏற்றியதும் ஒரு நிமிடத்துக்குள் நின்றுவிட்டது. இரண்டு நாள் பார்வையில் வைத்திருந்து அனுப்பினார்கள், கூடவே அந்தச் சிவப்பு மைச் சொல்லையும்.

மதுரை மருத்துவமனையில் முன்பதிவு செய்தபோதே, டிஸ்சார்ஜ் சீட்டு போதாது, ஊசி போட்ட நாளின் முழு கேஸ் ஷீட்டின் நகல் வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அதை வாங்குவதுதான் இந்த ஏழு வாரத்தில் பாதியைத் தின்றது. உள்நோயாளி எண் தெரியாமல் முதல் முறை திரும்பினோம். அம்மாவின் கைநாட்டு இல்லாத விண்ணப்பம் செல்லாது என்று இரண்டாம் முறை திரும்பினோம். மூன்றாம் முறைதான் ஒன்பது பக்க நகல் கைக்கு வந்தது. இதே நிலையில் இருப்பவர்கள் வேறு எதை விட்டாலும் இதை விட்டுவிடக் கூடாது என்பது என் எண்ணம். எந்த மருந்து, எத்தனை மில்லி, எத்தனை மணிக்கு, அப்போது நாடித்துடிப்பு எவ்வளவு என்பதெல்லாம் அந்தப் பக்கங்களில்தான் இருந்தன.

மதுரையில் எங்களைப் பார்த்தவர் மயக்கவியல் மருத்துவர். அவர் அலர்ஜி என்ற சொல்லை முதல் அரைமணி நேரம் வாயில் எடுக்கவே இல்லை. ஊசி போட்டபோது அம்மா படுத்திருந்தாரா, உட்கார்ந்திருந்தாரா என்று கேட்டார். பயத்தில் வரும் மயக்கமானால் முகம் வெளுத்து, வியர்த்து, நாடித்துடிப்பு குறையும், காலைத் தூக்கிப் படுக்க வைத்தால் சீக்கிரம் தெளியும். அம்மாவுக்கோ முதலிலிருந்தே படுத்திருந்த நிலையில் துடிப்பு 112, இரத்த அழுத்தம் 150-க்கு 90 என்று செவிலியர் குறித்து வைத்திருந்தார். மரத்துப்போகும் மருந்துடன், அது இரத்தத்தில் மெல்லச் சேர்வதற்காக அட்ரினலின் கலந்திருந்தால் நெஞ்சு படபடத்துக் கை நடுங்கலாம், ஆனால் கேஸ் ஷீட்டில் அட்ரினலின் இல்லாத லிக்னோகைன் என்றுதான் இருந்தது. திருக்கை விஷமே காரணமாக இருக்குமோ என்ற ஐயத்தை நானே கிளப்பினேன். விஷத்தாலும் தசைப்பிடிப்பும் மயக்கமும் வரக்கூடும் என்று ஒப்புக்கொண்ட அவர், குத்துப்பட்டது எட்டு மணிக்கு, முதல் அறிகுறி பதினொன்றே காலுக்கு, அதுவும் கடுப்பு தணிந்த பிறகு என்பதைக் கடிகாரம் போல் விரலால் மேசையில் வரைந்து காட்டினார்.

பிறகு என்னிடம், “உதடு தடித்ததை நீங்கள் கண்ணால் பார்த்தீர்களா?” என்று கேட்டார். சற்று யோசித்துத்தான் பதில் சொன்னேன். உதடு வீங்கவில்லை. மரத்துப்போய்த் தடித்ததுபோல் இருக்கிறது என்பதைத்தான் அம்மா தடிச்சுப் போச்சு என்று சொல்லியிருக்கிறார். அந்தச் சொல் கேஸ் ஷீட்டில் உதடு வீக்கம் என்று ஏறி, வீக்கம் டிஸ்சார்ஜ் சீட்டில் அலர்ஜி என்று ஆகிவிட்டது. தோலில் தடிப்பு இல்லை, அரிப்பு இல்லை, மூச்சிரைப்பு இல்லை என்று அதே தாளில் அடுத்த வரியில் இருந்தது. இரும்பு ருசி, காது இரைச்சல் ஆகிய இரண்டும் எந்தப் பக்கத்திலும் இல்லை. “அன்னைக்கே சொன்னேன்ல” என்று அம்மா அவரிடம் முறையிட்டார். “நீங்கள் சொன்னதுதான் ஆத்தா சரி, எழுதாதவர்கள் நாங்கள்” என்றார் அவர். வாய் மரத்தல், உலோக ருசி, காது இரைச்சல், பேச்சுக் குழறல், தசைத் துடிப்பு, வலிப்பு என்று படிப்படியாக ஏறுவது மருந்து இரத்தத்தில் அளவு மீறி மூளையைத் தொடும்போது வருகிற வரிசை என்றும், அது இன்னும் ஏறினால் இதயத்தையும் பாதிக்கும் என்றும் விளக்கினார்.

அடுத்து ஒரு தாளைத் திருப்பிக் கணக்குப் போட்டார். 2 சதவீத லிக்னோகைனில் ஒரு மில்லிக்கு 20 மில்லிகிராம் மருந்து இருக்கிறது. முதலில் 10 மில்லி, பிறகு 5 மில்லி, மொத்தம் 300 மில்லிகிராம். அட்ரினலின் இல்லாமல் போடும்போது உடல் எடையில் கிலோவுக்கு 4.5 மில்லிகிராம் என்பது பொதுவாகக் கொள்ளும் உச்ச அளவு. அம்மாவின் எடை 43 கிலோ. பெருக்கினால் 193.5 வருகிறது. முதல் ஊசியிலேயே எல்லை கடந்துவிட்டது. நான் ஏழாம் வகுப்புக்குச் சதவீதக் கணக்கு நடத்துகிறவள். மருந்துக் குப்பியின் மேல் இருக்கும் சதவீதத்தைக் கணக்காகப் பார்க்க எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. கை நடுக்கத்துக்காக அம்மா சாப்பிட்டுவந்த புரோப்ரனலால் மாத்திரையையும் அவர் கேட்டுக் குறித்துக்கொண்டார். லிக்னோகைனைக் கல்லீரல் வெளியேற்றும் வேகத்தை அது குறைக்கும், ஆனால் முதன்மைக் காரணம் அளவுதான் என்றார்.

இத்தனைக்குப் பிறகும் தோல் சோதனை எதற்கு என்று எனக்குச் சலிப்பாக இருந்தது. மருந்து அளவு மீறி உடலில் நஞ்சாகும் நஞ்சேற்றம் நடந்ததா என்பதை இரண்டு ஆண்டு கழித்து எந்த இரத்தச் சோதனையும் காட்டாது, அதை நடந்த வரிசையையும் அளவையும் வைத்துத்தான் முடிவு செய்ய முடியும். ஒவ்வாமை இல்லை என்பதைச் சோதித்துக் காட்டினால்தான் அடுத்த மருத்துவர் ஊசியைக் கையில் எடுப்பார் என்பது அவர் சொன்ன காரணம். சளிக்காக அம்மா போட்டுவந்த, ஒவ்வாமையை அடக்கும் சிட்ரிசின் மாத்திரையை ஒரு வாரம் நிறுத்தினோம், இல்லாவிட்டால் சோதனை பொய் சொல்லுமாம். முன்கையில் பேனாவால் கட்டம் போட்டு மருந்தைத் தொட்டுக் குத்தினார்கள். பிறகு நூறு மடங்கு நீர்த்ததைத் தோலுக்குள் போட்டார்கள். அதன்பின் 0.1 மில்லி, 0.5, 1 என்று இடைவெளி விட்டுத் தோலுக்கடியில் கூட்டிக்கொண்டே போனார்கள். யாருக்கும் தடிப்பு வரவைக்கும் பொருள் என்பதால் ஒப்பீட்டுக்காகப் போட்ட ஹிஸ்டமின் புள்ளி மட்டும் கொசு கடித்ததுபோல் தடித்தது. மற்றவை அப்படியே இருந்தன. ஒவ்வொரு முறையும் ருசி மாறுகிறதா என்று கேட்டார்கள், மாறவில்லை.

கடிதத்தில், லிக்னோகைன் ஒவ்வாமைக்குச் சான்று இல்லை என்றும், முந்தைய நிகழ்வு அளவு மீறியதால் வந்த நஞ்சேற்றமாகவே கருதத்தக்கது என்றும், எடை பார்த்து அளவைக் கணக்கிட்டுப் பிரித்துச் செலுத்தலாம் என்றும் எழுதினார். கண் மருத்துவமனையில் அதைப் படித்த மயக்க மருத்துவர், அறுவை அறைக்கு வெளியே இருந்த அலமாரியில் இந்த நஞ்சேற்றத்துக்கு மாற்றாகக் கொடுக்கும் 20 சதவீதக் கொழுப்புக் கரைசல் பாட்டிலைக் காட்டினார். பால்போல் வெள்ளையாக இருந்தது. மீண்டும் அப்படி ஏதும் நேர்ந்தால் கிலோவுக்கு 1.5 மில்லி வீதம் முதலில் இதை நரம்பில் செலுத்துவோம், அம்மாவுக்குச் சுமார் 65 மில்லி என்றார். அது தேவைப்படவில்லை. அம்மா இருபது நிமிடத்தில் பச்சைத் துணி கட்டிய கண்ணோடு வெளியே வந்தார்.

இரண்டாவது கண்ணுக்கு ஆறு வாரம் கழித்து வரச் சொன்னார்கள். அன்று கடிதத்தைக் கொடுத்ததும் செவிலியர் வேறு எதுவும் கேட்காமல் அம்மாவை எடைக் கருவியில் ஏற்றினார். 44 கிலோ இருந்தார்.