மோடம் சத்தத்தை வைத்து வைவாவுக்குப் படித்த கதை

டேட்டா கம்யூனிகேஷன் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) எனக்கு வந்த முதல் கேள்வி: “டயல்-அப் மோடம் ஏன் சத்தம் போட்டது?” தொலைபேசி லைன் வழியே கணினியை இணையத்தோடு இணைத்த பழைய கருவி அது. தொலைபேசி இணைப்பு பேச்சுக்காக அமைந்தது, ஏறத்தாழ 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தும், அதனால் தரவை அந்த எல்லைக்குள் ஒலியாக மாற்றினார்கள் என்றேன். “சரி, இணைந்த பிறகும் அதே ஒலி போய்க்கொண்டுதானே இருந்தது. அது ஏன் கேட்கவில்லை?” என்றார் தேர்வாளர். எனக்குப் பதில் வரவில்லை.

மோடமுக்குள் ஒரு சின்ன ஸ்பீக்கர் இருந்தது. லைன் பிஸியா, தவறான எண்ணில் யாராவது “ஹலோ” என்கிறார்களா என்று நமக்குத் தெரிவதற்காக அதைத் திறந்து வைத்திருந்தார்கள். இணைப்பு உறுதியானதும் அது தானாக அணைந்துவிடும். புத்தகத்தில் இதை நான் கவனிக்கவே இல்லை.

அடுத்த தேர்வுக்கு வேறு மாதிரி படித்தேன். வி.34 என்ற தரநிலையில் இயங்கும் மோடம் இணையும் ஒலிப்பதிவை ஹெட்போனில் போட்டு, பாடக்குறிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். டயல் டோன், எண்களின் ஒலி எல்லாம் எளிது. அப்புறம் வரும் 2100 ஹெர்ட்ஸ் நீள் ஒலியில் நிறுத்திப் படியுங்கள். அதன் கட்டம் (ஃபேஸ், அலையின் ஏற்ற இறக்க நிலை) 450 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை தலைகீழாகும். தொலைதூர இணைப்பில் உள்ள எதிரொலி நீக்கிகளுக்கு “ஒதுங்கிக்கொள்” என்று சொல்வது அதுதான். இரண்டு மோடமும் ஒரே நேரத்தில், ஒரே அலைவரிசையில் பேசும்; எதிரொலியை அவையே கழித்துக்கொள்ளும், நடுவில் இன்னொருவர் கைவைத்தால் கெட்டுவிடும்.

பிறகு, எந்த மோடமுக்கு எந்தத் தரநிலை தெரியும் என்ற பேச்சு. அடுத்து, 150 ஹெர்ட்ஸ் இடைவெளியில் பல ஒலிகளைச் சேர்த்து அனுப்பி, லைன் எந்த இடத்தில் நலிகிறது என்று அளக்கும். கடைசியில் வரும் “உஷ்ஷ்” இரைச்சல், லைனின் குறைகளைச் சரிக்கட்டும் ஈக்வலைசருக்கான பயிற்சி. ஸ்கிராம்ப்ளர் பிட்களைக் கலைத்துப் போடுவதால் ஆற்றல் அலைவரிசை முழுக்கப் பரவுகிறது, நம் காதுக்கு அது இரைச்சல். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

ஒரு லைனில் அதிகபட்சம் எத்தனை பிட் போகும் என்ற ஷேனன் கணக்கையும் இதிலேயே போட்டுப் பாருங்கள். 3100 ஹெர்ட்ஸ் அகலம், 35 டெசிபல் சிக்னல்-இரைச்சல் விகிதம் என்றால் நொடிக்குச் சுமார் 36,000 பிட். வி.34 எட்டிய உச்சம் 33,600. 1998இல் வந்த வி.90 பதிவிறக்கத்தில் 56,000 வரை குறிவைக்க முடிந்தது, சேவை வழங்குநர் பக்கம் டிஜிட்டலாக இருந்ததால்தான்.

நேரம் இருந்தால் அந்தப் பதிவை ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் ஸ்பெக்ட்ரோகிராமாக (அதிர்வெண் படமாக)த் திறந்து, 2100 ஹெர்ட்ஸ் கோட்டில் கட்டம் தலைகீழாகும் அந்தச் சிறு வெட்டுகளைத் தேடுங்கள்.