பழைய லேப்டாப்பில் புது ஓஎஸ்: முதலில் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றுங்கள்

பத்து வயசான லேப்டாப்பில் டெஸ்க்டாப் வர மூன்று நிமிஷம் ஆகிறதென்றால், பென்டிரைவைத் தேடுவதற்கு முன் ஸ்க்ரூ டிரைவரைத் தேடுங்கள். 'ஃபார்மட் அடிச்சா சரியாயிடும்' என்பது பாதிதான் உண்மை. முதல் வாரம் பறக்கும். அப்டேட்டுகள் இறங்கி ஆன்டிவைரஸும் குடியேறியதும் பழைய கதை. குற்றவாளி உள்ளே இருக்கும் 5400 ஆர்பிஎம் ஹார்ட் டிஸ்க். அதன் தட்டு ஒரு சுற்று சுற்றவே 11 மில்லி செகண்ட் ஆகும். தலை நகரும் நேரத்தையும் சேர்த்தால், சிதறிக் கிடக்கும் சின்னச் சின்ன ஃபைல்களை நொடிக்கு நூறு தடவைகூட அதனால் படிக்க முடியாது. சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டியோ, பழைய டிஸ்க்கின் அதே சாட்டா கனெக்டரில் மாட்டும் சாதாரண ரகம்கூட, ஆயிரக்கணக்கில் படிக்கும்.

எஸ்எஸ்டி போடுவதில் வேகத்தைவிடப் பெரிய லாபம் ஒன்று உண்டு: பழைய டிஸ்க் அப்படியே பேக்கப்பாக மிஞ்சிவிடுகிறது. இன்ஸ்டால் சொதப்பினால் அதைத் திரும்ப மாட்டி மறுநாள் ஆபீஸ் வேலையைப் பார்க்கலாம். இதைச் செய்யாமல் நேராக ஃபார்மட் அடிப்பவர்கள்தான் பிறகு ரெக்கவரி சாஃப்ட்வேர் தேடி அலைகிறார்கள்.

ஆனால் கழற்றுவதற்கு முன் பழைய விண்டோஸில் சில வேலைகள் இருக்கின்றன. குரோமில் சேமித்த பாஸ்வேர்டுகளை எக்ஸ்போர்ட் செய்யுங்கள். குரோம் ஃபோல்டரை மொத்தமாக காப்பி அடித்தாலும் பாஸ்வேர்டு வராது. அந்த விண்டோஸ் கணக்கோடு பிணைத்துப் பூட்டப்பட்டிருக்கும். ஃபயர்ஃபாக்ஸ் என்றால் கவலையில்லை, புரொஃபைல் ஃபோல்டரே போதும். ஒன்டிரைவ் ஓடிக்கொண்டிருந்தால், டெஸ்க்டாப்பில் தெரிகிற ஃபைல்கள் உண்மையில் டிஸ்க்கில் இருக்கின்றனவா என்று பாருங்கள். மேக ஐகான் மட்டும் இருந்தால் அது வெறும் நிழல். டிஸ்க்கையே பூட்டி வைக்கும் பிட்லாக்கர் ஆனில் இருந்தால் ரெக்கவரி கீயைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கடைசியாக, ஷிஃப்ட் கீயை அழுத்திப் பிடித்தபடியே ஷட் டவுன் கொடுங்கள். சாதாரணமாக அணைத்தால் விண்டோஸ் 10-இன் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் டிஸ்க்கை அரைத்தூக்கத்தில் விட்டுவிடும். பிறகு லினக்ஸில் (விண்டோஸுக்கு மாற்றான இலவச ஓஎஸ்) செருகும்போது படிக்க மட்டும்தான் விடும், சில சமயம் திறக்கவே திறக்காது.

ஒரு உதாரணத்துக்கு, நான்காம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ராம், 500 ஜிபி டிஸ்க் உள்ள 2014 வாக்கிலான பெட்டியை எடுத்துக்கொள்வோம். இதற்கு 240 அல்லது 256 ஜிபி, 2.5 இஞ்ச் சாட்டா எஸ்எஸ்டி தாராளம். பழைய டிஸ்க் 9.5 மில்லிமீட்டர் தடிமன் என்றால் எஸ்எஸ்டி 7 தான். பிராக்கெட்டில் பக்கவாட்டு ஸ்க்ரூ பிடிக்கிற மாடலில் சிக்கல் இல்லை, வெறுமனே செருகி வைக்கிற மாடலில் 2.5 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் சட்டம் ஒன்று அடியில் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் லேப்டாப்பைத் தூக்கும்போது கனெக்டர் ஆடும். ராமை 8 ஜிபி ஆக்குவதாக இருந்தால் ஸ்டிக்கரில் பிசி3 என்பதோடு எல் என்ற எழுத்தும் இருக்கிறதா என்று பாருங்கள். அது 1.35 வோல்ட் ரகம். எல் இல்லாத 1.5 வோல்ட் ராமைப் போட்டால் நான்காம் தலைமுறைப் பெட்டிகளில் ஸ்கிரீன் கருப்பாகவே நிற்கலாம்.

மூடியைத் திறக்குமுன் பேட்டரியைக் கழற்றி, பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். பேட்டரி உள்ளேயே இருக்கும் மாடலில், திறந்தவுடன் முதல் வேலை பேட்டரி கனெக்டரை உருவுவது. விசிறியில் தூசி அடைத்திருந்தால் அதையும் இப்போதே எடுத்துவிடுங்கள். சூடேறிப் பாதியில் அணைகிற மெஷினில் இன்ஸ்டாலும் பாதியில்தான் நிற்கும்.

எந்த ஓஎஸ்? விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. தனியாகப் பதிந்துகொண்டவர்களுக்குப் பாதுகாப்பு அப்டேட் 2026 அக்டோபர் 13 வரை. விண்டோஸ் 11 முறைப்படி எட்டாம் தலைமுறை இன்டெல்லும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப்பும் கேட்கிறது. பூட் பென்டிரைவ் தயாரிக்கும் கருவியான ரூஃபஸில் ஒரு டிக் அடித்து அதை ஏமாற்றலாம்தான். ஆனால் ஒவ்வொரு பெரிய அப்டேட்டுக்கும் அந்த வேலையை மறுபடி செய்ய வேண்டியிருக்கும். கோர் 2 டுவோ காலத்துப் பெட்டியில் ஏமாற்றியும் பயனில்லை, விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு பூட்டே ஆகாது. டாலி கணக்கு சாஃப்ட்வேர் ஓட்டுகிறவர்கள் விண்டோஸை விட முடியாது. பிரவுசர், டாக்குமென்ட், வீடியோ என்று இருப்பவர்களுக்கு லினக்ஸ் மிண்ட் 22, அதில் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான டெஸ்க்டாப் உள்ள பதிப்பு. 2029 வரை அப்டேட் வரும்.

8 ஜிபி பென்டிரைவ் போதும். ஐஎஸ்ஓ (ஓஎஸ்ஸின் இன்ஸ்டால் ஃபைல்) இறங்கியதும் செக்சம், அதாவது தளத்தில் தந்திருக்கும் சரிபார்ப்பு எண், ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதைத் தவிர்க்காதீர்கள். விட்டு விட்டு வரும் நெட்டில் இறக்கிய ஃபைல் ஒரு பிட் பிசகினாலும் இன்ஸ்டால் எழுபது சதவீதத்தில் நின்று, ஏனென்றே புரியாத பிழை காட்டும். பென்டிரைவிலிருந்து பூட் செய்ய டெல், லெனோவோவில் எஃப்12, எச்பியில் எஃப்9, ஆசஸில் எஸ்கேப். ஏசரிலும் எஃப்12 தான், ஆனால் பயாஸுக்குள் (ஓஎஸ்ஸுக்கு முன் வரும் மதர்போர்டு செட்டிங்) போய் அந்த மெனுவை முதலில் எனேபிள் செய்ய வேண்டும். ஏசர் பயாஸில் செக்யூர் பூட்டை (அங்கீகரித்த ஓஎஸ்ஸை மட்டும் பூட் செய்ய விடும் காவல்) மாற்றும் வரி மங்கலாக இருந்தால், சூப்பர்வைசர் பாஸ்வேர்டு ஒன்று வைத்ததும் அது உயிர்பெறும். அந்த பாஸ்வேர்டை மறந்தால் வேறு தலைவலி, எழுதி வையுங்கள்.

பூட் மெனுவில் ஒரே பென்டிரைவ் இரண்டு தடவை தெரியும். புதிய பூட் முறையான யூஇஎஃப்ஐ என்று போட்டிருப்பதைத் தேர்ந்தெடுங்கள். இன்னொன்றில் நுழைந்து லெகசி என்ற பழைய முறையில் நிறுவிவிட்டு, பயாஸ் யூஇஎஃப்ஐ முறையிலேயே இருந்தால், எல்லாம் வெற்றியாக முடிந்து ரீஸ்டார்ட் ஆனதும் 'பூட் டிவைஸ் இல்லை' என்று சொல்லும். எஸ்எஸ்டியே கண்ணில் படவில்லையென்றால் பயாஸில் சாட்டா மோடு (டிஸ்க்கோடு பேசும் முறை) ரெய்டு அல்லது ஆர்எஸ்டி என்று இருக்கும்; ஏஎச்சிஐ ஆக்குங்கள். பழைய டிஸ்க்கை என்றாவது திரும்ப மாட்டினால் இதையும் திருப்பி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் பழைய விண்டோஸ் நீலத்திரைதான்.

பென்டிரைவிலிருந்தே ஓடும் மிண்டின் லைவ் டெஸ்க்டாப் வந்ததும் இன்ஸ்டாலை அழுத்திவிடாமல் பத்து நிமிஷம் சோதியுங்கள்: வைஃபை, சவுண்டு, வெளிச்சம் கூட்டும் கீ, மூடியை மூடித் திறந்தால் விழிக்கிறதா. அந்தக் காலப் பெட்டிகளில் பிராட்காம் வைஃபை சிப் அதிகம், அதற்கு டிரைவர் தனியாக வேண்டும். டிரைவர் இறக்க நெட் வேண்டும், நெட்டுக்கு டிரைவர் வேண்டும். போனை யூஎஸ்பியில் செருகி டெதரிங் போட்டால் முடிச்சு அவிழும். செக்யூர் பூட் ஆனில் இருந்தால் டிரைவர் போடும்போது ஒரு பாஸ்வேர்டு கேட்டு, அடுத்த ரீஸ்டார்ட்டில் நீலத்திரை மெனு வரும். அங்கே 'என்ரோல் எம்ஓகே' கொடுத்து அதே பாஸ்வேர்டை அடிக்க வேண்டும். பயந்துபோய் 'கன்டினியூ பூட்' கொடுப்பவர்களுக்கு வைஃபை வராது.

உள்ளே ஒரே டிஸ்க் இருப்பதால் 'முழுவதையும் அழித்து நிறுவு' என்பதைத் துணிந்து தரலாம். டிவிடி இருந்த இடத்தில் கேடி (caddy, டிஸ்க்கைப் பிடிக்கும் சட்டம்) வைத்துப் பழைய டிஸ்க்கை மாட்டும் ஆசை இருந்தால் அதை இன்ஸ்டாலுக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் இருக்கும்போது ஓஎஸ்ஸை எழுப்பும் பூட்லோடர் தவறான டிஸ்க்கில் போய் உட்கார்ந்துவிடும்.

முடிந்தபின் அப்டேட் கொடுத்தால் 'இது இன்னும் செல்லுபடியாகவில்லை' என்று வந்தால், பிரவுசரும் எல்லாத் தளத்தையும் பாதுகாப்பற்றது என்றால், தேதியைப் பாருங்கள். 2013 ஜனவரி என்று காட்டும். மதர்போர்டில் கடிகாரத்தை ஓட்டும் சிமாஸ் பேட்டரி செத்துவிட்டது. பல மாடல்களில் அது வயர் வைத்த சிஆர்2032. கடிகாரக் கடையில் வாங்கும் வெறும் பேட்டரி அதில் பொருந்தாது, வயரோடு வாங்குங்கள்.

தமிழுக்கு வருவோம். கீபோர்டு செட்டிங்கில் தமிழ்நெட் 99 என்று ஒரு லேஅவுட் தயாராக இருக்கும், ஆனால் அதில் தானியங்கிப் புள்ளி கிடையாது. 'க' இரண்டு முறை தட்டினால் 'கக' என்றே வரும். தட்டச்சுக்கான ஐபஸ் எம்17என் (ibus-m17n) பேக்கேஜை நிறுவி அதிலுள்ள தமிழ்99-ஐச் சேர்த்தால் 'க்க' வரும்.

பழைய டிஸ்க்கை 2.5 இஞ்ச் யூஎஸ்பி கேஸில் போட்டு ஃபைல்களை எடுக்கும்போது பலர் மறப்பது ஃபான்ட். அப்பாவின் விண்ணப்பங்கள், சங்கக் கணக்கு, கல்யாணப் பத்திரிகை எல்லாம் யூனிகோடுக்கு முந்தைய ஃபான்ட்களான பாமினியிலோ வானவில்லிலோ அடித்திருக்கும். ஃபான்ட் இல்லாமல் லிப்ரே ஆபீஸில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பை. ஃபைல் கெட்டுப்போகவில்லை. சி டிரைவின் விண்டோஸ் ஃபோல்டருக்குள் ஃபான்ட்ஸ் என்ற இடத்திலிருந்து அந்த எழுத்துருக்களை எடுத்து, லினக்ஸின் ஹோம் ஃபோல்டரில் .fonts என்று (முன்னால் புள்ளியோடு) ஒரு ஃபோல்டர் உண்டாக்கிப் போடுங்கள். அங்கே கிடைக்காவிட்டால் பயனர் ஃபோல்டரின் ஆப்டேட்டாவுக்குள் லோக்கல், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், ஃபான்ட்ஸ் வரை இறங்கிப் பாருங்கள். பிற்கால விண்டோஸ் 10 சிலவற்றை அங்கேதான் வைக்கும். லிப்ரே ஆபீஸை மூடித் திறந்ததும் எழுத்து வரும். யூனிகோடுக்கு மாற்றி முடிக்கும்வரை அந்தப் பழைய டிஸ்க்கை ஃபார்மட் அடிக்காதீர்கள்.