சிஎச்மாட் போட்டுப் போட்டு ஓய்ந்த கதை

யூஎஸ்பியில் செருகும் சின்ன மேக்ரோ கீபேட் அது. லினக்ஸில் ஹெச்ஐடி-ரா டிவைஸாக, அதாவது நிரல்கள் கீபேடோடு நேரடியாகப் பேசும் டிவைஸ் ஃபைலாக வரும். நிர்வாகியான ரூட்டைத் தவிர யாரும் தொட முடியாது. யார் வேண்டுமானாலும் படிக்கலாம், எழுதலாம் என்று அனுமதியை மாற்றும் சிஎச்மாட் 666 கட்டளையை அடித்தேன், வேலை செய்தது. ரீபூட் செய்ததும் போச்சு. அந்த வரியை ஸ்டார்ட்அப் ஸ்கிரிப்டில் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்தேன். கேபிளை ஒருமுறை பிடுங்கிச் செருகினேன், மறுபடியும் போச்சு. போதாக்குறைக்கு 0 என்றிருந்த டிவைஸ் எண் இப்போது 3.

இந்த டிவைஸ் ஃபைல்கள் இருக்கும் டெவ் டைரக்டரி டிஸ்க்கில் இல்லவே இல்லை. நினைவகத்தில் கெர்னல் கட்டுவது. ஒவ்வொரு முறை செருகும்போதும் புதிதாகப் பிறக்கிற பிள்ளைக்கு நேற்று போட்ட சட்டை எப்படி இருக்கும்? பிறக்கும்போதே போட்டுவிடுகிற ஆளிடம், அதாவது டிவைஸ் வரும்போது விதிகளைப் பார்த்து அனுமதி தரும் யூடெவ்விடம், ஒரு விதி ஃபைல் எழுதிச் சொல்லிவைக்க வேண்டும்.

சொன்னேன். கேட்கவில்லை. முதல் தப்பு, ஃபைல் பெயர் 'ரூல்ஸ்' என்ற நீட்சியோடு முடியவில்லை. அப்படி முடியாததை யூடெவ் திறந்தே பார்க்காது. அடுத்தது, தயாரிப்பாளரைக் குறிக்கும் வெண்டர் எண்; அதில் இலக்கங்களோடு ஆங்கில எழுத்துகளும் வரும். வேறொரு கணினியின் திரையில் பார்த்து எழுதியதால் அதிலிருந்த ஆங்கில எழுத்து பெரிய எழுத்தாக விழுந்திருந்தது. யூடெவ் அதை எண்ணாகப் பார்ப்பதில்லை, எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுகிறது. சின்ன எழுத்தில்தான் இருக்க வேண்டும்.

அரை நாளைத் தின்றது மூன்றாவது. யூடெவ்அட்மின் இன்ஃபோ என்ற கட்டளை, டிவைஸையும் அதற்கு மேலே உள்ள அடுக்குகளான அதன் பெற்றோர் வரிசையையும் நீளமாகக் கொட்டும். அதில் ஹெச்ஐடி அடுக்கிலிருந்து ஒரு வரி, யூஎஸ்பி அடுக்கிலிருந்து வெண்டர் வரி என்று பொறுக்கி ஒரே விதியில் சேர்த்தேன். கூடாது. டிவைஸின் சொந்த விவரங்களோடு ஒரே ஒரு பெற்றோரின் விவரங்களைத்தான் சேர்க்கலாம். கலந்தால் விதி பொருந்தாது, பிழைச் செய்தியும் வராது. விதிகளைச் சோதித்துக் காட்டும் யூடெவ்அட்மின் டெஸ்ட் ஓட்டும் புத்தி முதலிலேயே வந்திருக்கலாம்.

666 வேண்டாம் என்று, உரிமையாளருக்கும் அவரது க்ரூப்புக்கும் மட்டுமான 0660 வைத்து, கணினி முன் உட்கார்ந்திருப்பவருக்கு அனுமதி தரும் 'யூஅக்சஸ்' டேக் சேர்த்தேன். எல்லோரும் வைக்கிறார்களே என்று ஃபைல் பெயர் 99-இல் தொடங்கியது. விதி ஃபைல்கள் பெயர் வரிசைப்படி ஓடும்; அந்த டேகைக் கவனிக்கும் விதி 73-இல் தொடங்கும் ஃபைலில் இருக்கிறது. அதற்குப் பிறகு வருவது வீண். 70 என்று மாற்றினேன், ரீலோட் செய்து கேபிளைச் செருகினேன். வந்துவிட்டது! (எஸ்எஸ்எச் வழியாக வேறு கணினியிலிருந்து வருகிறவருக்கு இந்த டேக் உதவாது. அவருக்கு க்ரூப்தான்.)

அந்தத் தெம்பில், ஃப்ரீபிஎஸ்டி என்ற வேறொரு இயங்குதளம் ஓடும் பெட்டிக்குப் போனேன். அங்கே யூடெவ் கிடையாது. டிவைஸ் அனுமதிகளுக்கான டெவ்எஃப்எஸ்.கான்ஃபில் எழுதினேன், பூட் ஆகும்போது செருகியிருந்தால் சரி, பிறகு செருகினால் இல்லை. செருகிப் பிடுங்குவதற்கெல்லாம் டெவ்எஃப்எஸ்.ரூல்ஸ். அதை எழுதினால் மட்டும் போதாது, விதித்தொகுப்பின் பெயரை, பூட் அமைப்புகளுக்கான ஆர்சி.கான்ஃபிலும் சொல்ல வேண்டும். அந்த ஒரு வரியை விட்டுவிட்டு இன்னொரு மாலை போனது.

இப்போது இரண்டிலும் பத்துத் தடவை பிடுங்கிச் செருகிவிட்டேன். ஸ்டார்ட்அப் ஸ்கிரிப்டில் இருந்த அந்தப் பழைய சிஎச்மாட் வரியையும் அழித்தாயிற்று.