மித்ரோகினின் தாள்களைப் படிக்கப் போனபோது

சோவியத் உளவு அமைப்பான கே.ஜி.பி.யின் ஆவணக்காரர் வசீலி மித்ரோகின் அதன் ரகசியக் கோப்புகளிலிருந்து எழுதிக் கடத்தி வந்த குறிப்புகளைக் கேம்பிரிட்ஜில் போய்ப் படித்தேன் என்றால், "அதையெல்லாம் உன் கையில் கொடுப்பார்களா?" என்று கேட்கிறார்கள். கொடுக்கிறார்கள். சர்ச்சில் கல்லூரி ஆவணக் காப்பகத்தில், சர்ச்சில், தாட்சர் ஆகியோரின் தாள்கள் இருக்கும் அதே இடத்தில்தான் இவையும் இருக்கின்றன. 2014 ஜூலையில் 19 பெட்டிகளைப் பொதுப் பார்வைக்குத் திறந்தார்கள். உளவுத்துறை அனுமதி எதுவும் தேவையில்லை.

முதலில் இணையத்தில் காப்பகத்தின் பட்டியலைப் பார்த்து, வேண்டிய கோப்புகளின் எண்களைக் குறித்துக்கொள்ள வேண்டும். அப்புறம் மின்னஞ்சலில் நாள் கேட்க வேண்டும். முன்பதிவு இல்லாமல் போனால் இடம் கிடைக்காது. புகைப்பட அடையாள அட்டை, முகவரிச் சான்று இரண்டையும் எடுத்துப் போங்கள். பையும் கோட்டும் லாக்கருக்குப் போய்விடும். பேனா கூடாது, பென்சில்தான். லண்டன் கிங்ஸ் கிராஸிலிருந்து ரயிலில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் கேம்பிரிட்ஜ். ஆனால் நிலையத்திலிருந்து கல்லூரி நல்ல தூரம், பஸ் பிடிப்பது மேல்.

உண்மையான தடை ரஷ்ய மொழி. சென்னை கஸ்தூரி ரங்கா சாலை ரஷ்யக் கலாசார மையத்தில் நான் கற்றது டால்ஸ்டாயைத் தட்டுத்தடுமாறிப் படிக்கத்தான் போதும். உளவுத்துறைக் குறிப்பு வேறு ரகம். ஒரே பக்கத்தில் ஏழெட்டுச் சுருக்கக் குறியீடுகள், ஒரே ஆளுக்கு இரண்டு மூன்று புனைபெயர்கள். 'ரெசிடெந்தூரா' என்றால் தூதரகத்துக்குள் இயங்கும் உளவு நிலையம் என்பது போன்றவற்றை ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். வேகம் பிடிக்க நேரமாயிற்று.

கைக்கு வரும் தாள் எது என்பதிலும் தெளிவு வேண்டும். அது கே.ஜி.பி. முத்திரை குத்திய கோப்பு அல்ல, அதன் நகலும் அல்ல. மூலக்கோப்புகள் மாஸ்கோவை விட்டு வரவே இல்லை. அவற்றைப் பார்த்து மித்ரோகின் கையால் எழுதிய குறிப்புகள் இன்னும் திறக்கப்படவில்லை. நாம் படிப்பது அந்தக் குறிப்புகளிலிருந்து தொகுத்துத் தட்டச்சு செய்த வடிவம். இது தெரிந்துதான் போனேன். ஆனாலும் ஒரு வரியைப் படித்ததும், இது கோப்பில் இருந்ததா, அவர் சுருக்கியதா என்ற கேள்வி விடாமல் வந்துகொண்டே இருந்தது.

அவர் பட்ட பாட்டை நினைத்தால் குறை சொல்ல மனம் வராது. களப்பணியில் இருந்த அவரை 1956 இறுதியில் ஆவணப் பிரிவுக்குத் தள்ளினார்கள். 1972இல் வெளிநாட்டு உளவுப் பிரிவு கே.ஜி.பி. தலைமையகமான லுபியாங்காவிலிருந்து மாஸ்கோ புறநகரான யாசெனெவோவுக்கு மாறத் தொடங்கியபோது, ஏறத்தாழ 3 லட்சம் கோப்புகளைச் சரிபார்த்து அனுப்பும் பொறுப்பு அவரிடம் வந்தது. திருடனிடமே சாவி! முதலில் துண்டுச் சீட்டுகளைக் காலணிக்குள் ஒளித்து வெளியே கொண்டுவந்தார். வாயிலில் பெரிதாகச் சோதிப்பதில்லை என்று தெரிந்ததும் சட்டை, கால்சட்டைப் பைகளிலேயே வைத்துக்கொண்டார். வார இறுதியில் கிராமத்து வீட்டுக்குப் போய்த் தட்டச்சு செய்து, பால் கேனில் போட்டுத் தரைக்கு அடியில் புதைத்தார். பன்னிரண்டு ஆண்டுகள், மனைவிக்குக்கூடத் தெரியாமல். 1992இல் பால்டிக் நாடொன்றில் அமெரிக்கத் தூதரகத்தில் மாதிரிகளைக் காட்டினார். அவர்கள் பொருட்படுத்தவில்லை. பிரிட்டிஷ் தூதரகம் உட்காரவைத்துக் கேட்டது. அந்த ஆண்டே குடும்பத்தோடு பிரிட்டன் போய்ச் சேர்ந்தார். 2004இல் இறந்தார்.

குறிப்புகளை நம்பலாமா? ஐரோப்பாவில் கே.ஜி.பி. புதைத்து வைத்த ஆயுத, வானொலிக் கருவிகளின் இடங்களை அவர் குறித்திருந்தார். அதை வைத்து 1998இல் சுவிட்சர்லாந்தின் பெல்ஃபோ அருகே காட்டில் தேடியபோது, சொன்னபடியே பொறிவெடி வைத்த பெட்டி இருந்தது. அவர் குறிப்புகளால் அம்பலமான 87 வயது மெலிதா நோர்வுட், 1999இல் பிரிட்டிஷ் அணு ரகசியங்களைச் சோவியத்துக்குக் கொடுத்ததை ஒப்புக்கொண்டார். வழக்கு மட்டும் போடவில்லை. ஆக, தகவல் பெரும்பாலும் சரி என்றுதான் எனக்குப் படுகிறது. சந்தேகப்பட வேண்டியது வேறொன்றை. ஒற்றர்கள் தலைமையகத்துக்கு எழுதும்போது தம் சாதனையை ஊதிப் பெருக்குவது வழக்கம். மித்ரோகின் அதைப் பிழையில்லாமல் நகலெடுத்திருந்தாலும் ஊதியது ஊதியதுதான்.

இந்தியா பற்றிய பகுதிகளை இப்படித்தான் படிக்க வேண்டும். 2005இல் வரலாற்றாசிரியர் கிறிஸ்டோபர் ஆண்ட்ரூவுடன் இந்தக் குறிப்புகளை வைத்து அவர் எழுதிய நூலின் இரண்டாம் தொகுதி வந்தபோது, காங்கிரஸும் கம்யூனிஸ்டுகளும் கே.ஜி.பி.யிடம் பணம் வாங்கினார்கள் என்று நம் பத்திரிகைகள் கொதித்தன. இரு தரப்பும் மறுத்தன. 'இன்னாருக்கு இவ்வளவு கொடுத்தோம்' என்று உளவு நிலையம் எழுதினால், பணம் புறப்பட்டதற்கு அது ஆதாரம். போய்ச் சேர்ந்ததற்கு வேறு ஆதாரம் வேண்டும்.

ரஷ்ய மொழி தெரியாதவர்கள் கேம்பிரிட்ஜ் போய்ப் பயனில்லை. ஆப்கானிஸ்தானில் கே.ஜி.பி. செய்தவை பற்றி அவர் தொகுத்த நீண்ட ஆவணம் 2002இல் வாஷிங்டனின் வில்சன் மையம் என்ற ஆய்வு நிறுவனம் வழியாக ஆங்கிலத்தில் வந்தது, இணையத்தில் இலவசம். முதலில் அதைப் படியுங்கள்.